வாயில்லா ஜீவன்களின் வைத்தியர் ஆலீன் கஸ்ட்

பெரியவளானதும் நீ என்ன ஆகப் போகிறாய் என்று கேட்காத ஆசிரியை இல்லை. அதற்குப் பதில் சொல்லாத மாணவியும் இல்லை. டாக்டர், டீச்சர், கலெக்டர், வக்கீல் என்று நாம் ஒவ்வொருவராக எழுந்து நின்று சொல்வோம். அந்த வரிசையில் ஒருத்தி எழுந்து, நான் மாட்டு டாக்டர் ஆகப் போகிறேன் என்று சொன்னால் வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரிக்கும். சிரிப்பவர்களில் நாமும் ஒருவராக இருப்போம். அந்தச் சிரிப்பு நியாயந்தானா என்று நம்மை யோசிக்க வைத்த ஒரு பெண்மணியின் வரலாற்றையே இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்து தேசத்தில் பிறந்த ஒரு சிறுமி, இதே கேள்விக்கு மிருக வைத்தியராவேன் என்றே பதில் சொல்லி வந்தாளாம். அந்நாளில் அயர்லாந்திலோ இங்கிலாந்திலோ அந்தத் தொழிலில் பதிவு பெற்ற பெண் ஒருவர்கூடக் கிடையாது. கேட்டவர்கள் குழந்தைப் பேச்சு என்று நினைத்திருப்பார்கள். அது குழந்தைப் பேச்சு அன்று என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்து மெய்ப்பித்தார். அவரே ஆலீன் இசபெல் கஸ்ட் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

ஆலீன் கஸ்ட் 1868ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் அயர்லாந்தில் டிப்பரேரி மாவட்டத்தில் பிறந்தார். அவருடைய தந்தை சர் லியோபோல்டு கஸ்ட் பிரபு குலத்தைச் சேர்ந்தவர். நிலக்கிழார்களின் நிலபுலன்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பில் இருந்தவர். ஆகவே ஆலீன் வளர்ந்தது நாட்டுப்புறத்தில். குதிரை லாயம், மாட்டுத் தொழுவம், வேட்டை நாய்கள் இவற்றின் நடுவேதான் அவருடைய குழந்தைப் பருவம் கழிந்தது. பொம்மைகளை வைத்து விளையாடும் வயதில் உயிருள்ள பிராணிகளே அவருக்குத் தோழர்களாயின.

பத்து வயதில் அவருடைய வாழ்வில் பேரிடி விழுந்தது. 1878ஆம் ஆண்டு தந்தை காலமானார். குடும்பம் அயர்லாந்தை விட்டு இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கே மேஜர் விட்ரிங்டன் என்ற பெரியவர் ஆலீனுக்குக் காப்பாளராக அமைந்தார். பிராணிகளிடம் அந்தப் பெண் கொண்டிருந்த பாசத்தை அவர் கேலி செய்யவில்லை. பெற்ற குடும்பத்தில் கிடைக்காத ஊக்கம் காப்பாளரின் வீட்டில் கிடைத்தது.

கஸ்ட் குடும்பத்தாருக்கு அரண்மனையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. ஆலீனின் அண்ணன் சார்லஸ், பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பணியில் இருந்தவர். இப்படிப்பட்ட வீட்டுப் பெண் பியானோ வாசிக்கலாம், பூத்தையல் போடலாம், குதிரைச் சவாரி செய்யலாம். ஆனால் நோயுற்ற குதிரைக்கு வைத்தியம் பார்க்கலாமா? தொழுவத்துச் சாணத்தில் முழங்காலிட்டு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கலாமா? கூடவே கூடாது என்றார்கள் வீட்டார்.

அந்நாளில் உயர்குலப் பெண்கள் ஏற்கக்கூடிய பணி என்று கருதப்பட்டது நர்ஸ் வேலை. ஆலீனும் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தார். நோயாளிக்குத் தொண்டு செய்வது உயர்ந்த பணிதான். ஆயினும் அவருடைய மனம் அங்கே ஒட்டவில்லை. தம் வேதனையைச் சொல்ல வாயில்லாத உயிர்களிடமே அவர் உள்ளம் சென்றது. பயிற்சியை விட்டு விலகினார்.

மாற்றுப் பெயரில் ஒரு மாணவி

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் வில்லியம் வில்லியம்ஸ் என்ற பேராசிரியர் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியை நடத்தி வந்தார். அறிவுக்கு ஆண் பெண் பேதமில்லை என்ற எண்ணம் படைத்த அவர், ஆலீனை மாணவியாகச் சேர்த்துக்கொண்டார். 1890களில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் கல்லூரிப் பதிவேட்டில் ஆலீன் கஸ்ட் என்ற பெயர் ஏறவில்லை. ஏ. ஐ. கஸ்டன்ஸ் என்ற பெயரே ஏறியது. தம்மால் தம் குடும்பத்துக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்பதற்காகத் தம் பெயரையே மாற்றிக்கொண்டார்! நம்முடைய நோட்டுப் புத்தகத்தில் வேறொருத்தியின் பெயர் தவறி எழுதப்பட்டாலே நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது. படிக்க வேண்டும் என்பதற்காகத் தம் பெயரையே துறந்த அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

பெயரை மறைத்தாரே தவிர, திறமையை மறைக்கவில்லை. உடன் பயின்றவர் அனைவரும் ஆண்கள். அவர்களோடு போட்டியிட்டு விலங்கியல் பாடத்தில் தங்கப் பதக்கம் பெற்றார்.

அடைபட்ட கதவு

இவ்விடத்தில் ஒரு செய்தியை விளக்க வேண்டும். அந்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் பாடம் சொல்லிக் கொடுக்கும். ஆனால் தொழிலுக்கான பரீட்சை நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் லண்டனில் உள்ள ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரிக்கே இருந்தது. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது பாடம் நடத்தும் இடமன்று. 1844ஆம் ஆண்டு அரசியின் சாசனத்தால் ஏற்பட்ட தொழிற்சபை. 1881ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் பட்டியலில் பெயர் உள்ளவர்தாம் தம்மைக் கால்நடை மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

1897ஆம் ஆண்டு ஆலீன் முதல் பரீட்சை எழுத விண்ணப்பித்தார். ராயல் கல்லூரி மறுத்துவிட்டது. அவர் படிப்பில் குறை சொல்லவில்லை. நடத்தையில் குறை சொல்லவில்லை. அவர் பெண் என்பது ஒன்றே குற்றம்!

ஆலீன் அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பவில்லை. எடின்பரோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். ராயல் கல்லூரியின் தலைமையிடம் லண்டனில் இருப்பதால் ஸ்காட்லாந்து நீதிமன்றம் அதனை விசாரிக்க இயலாது என்று முடிவாயிற்று. லண்டனில் மீண்டும் வழக்காடியிருக்கலாம். ஆனால் அவர் அதைச் செய்யவில்லை. லண்டனில் வழக்கு நடந்தால் பத்திரிகைகளில் பெயர் அடிபடும். தாயாரின் மனம் நோகும்.

இந்த நிலையில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பரீட்சையே எழுத முடியாத படிப்பை யார் தொடர்வார்? மார்க் கிடைக்காது, சான்றிதழ் கிடைக்காது, பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொள்ள முடியாது என்று தெரிந்த பின் புத்தகத்தைத் திறக்க நமக்கு மனம் வருமா? ஆலீனுக்கு வந்தது. எடின்பரோவுக்கே திரும்பி எஞ்சிய பாடங்கள் அனைத்தையும் கண்ணும் கருத்துமாகப் படித்து முடித்தார். 1900ஆம் ஆண்டு அவர் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது கையில் இருந்தது சான்றிதழ் அன்று. இந்த மாணவி தொழிலுக்கு முற்றும் தகுதி உடையவர் என்று பேராசிரியர் வில்லியம்ஸ் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றே.

அத்லீக் கிராமத்தில்

அந்தக் கடிதமே ஒரு வாசலைத் திறந்தது. அயர்லாந்தில் ரோஸ்காமன் மாவட்டத்தில் அத்லீக் என்ற சிற்றூரில் வில்லியம் பர்ன் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். பேராசிரியரின் சிபாரிசை ஏற்று அவர் ஆலீனைத் தம் உதவியாளராக வைத்துக்கொண்டார். பட்டியலில் பெயர் இல்லாதவர் கால்நடை மருத்துவர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாதே தவிர, வைத்தியம் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை.

அந்நாளைய அயர்லாந்துக் குடியானவனுக்குக் கால்நடைதான் செல்வம். வண்டி இழுக்கவும் ஏர் உழவும் குதிரை வேண்டும். பாலுக்கும் வெண்ணெய்க்கும் பசு வேண்டும். ஏழை வீட்டில் வளர்க்கும் ஒரு பன்றியை விற்றுத்தான் நிலத்துக்குக் குத்தகை கட்டுவார்கள். ஆகவே ஒரு பசு செத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்தது என்று பொருள். இக்காலத்து ஊசி மருந்துகள் பலவும் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. வைத்தியரின் கையும் கண்ணும் பொறுமையுமே பெரிய மருந்துகள்.

இத்தகைய இடத்தில் ஒரு பெண், குதிரையின் மீதும் குதிரை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று வைத்தியம் பார்த்தார். கன்று ஈன முடியாமல் துடிக்கும் பசு நள்ளிரவு என்றும் பாராது. மழை என்றும் பாராது. மழைக்குப் பேர்போன அந்நாட்டில், சேறும் சகதியுமான பாதைகளைத் தாண்டிப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொழுவத்தில் இறங்க வேண்டும். உதைக்கும் குதிரையைத் தட்டிக் கொடுத்து அடக்க வேண்டும். புழு வைத்த புண்ணைக் கழுவ வேண்டும். பெண்ணால் முடியுமா என்று கேட்டவர்களுக்கு ஆலீன் வாயால் பதில் சொல்லவில்லை. வேலையால் பதில் சொன்னார். பிழைத்தெழுந்த மாடுகளும் குதிரைகளுமே அவருக்குச் சாட்சி.

நமக்கும் பிராணிகளிடம் அன்பு உண்டு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பூனைக்குட்டி கண் திறந்து பார்த்தால் மடியில் எடுத்து வைத்துக்கொள்வோம். அதே பூனைக்குப் புண் வந்து நாற்றம் எடுத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் போவோம். அழகாக இருக்கும்போது கொஞ்சுவது விளையாட்டு. அருவருப்பாக இருக்கும்போது தொட்டுத் துடைப்பதே அன்பு. ஆலீன் அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்.

வேலை உண்டு, பெயர் இல்லை

1905ஆம் ஆண்டு அண்டை மாவட்டமான கால்வேயின் மாவட்ட மன்றத்துக்கு ஒரு கால்நடை மருத்துவ இன்ஸ்பெக்டர் தேவைப்பட்டார். சந்தைக்கு வரும் ஆடுமாடுகளைச் சோதிப்பதும், தொற்றுநோய் கண்ட மந்தைகளைப் பிரித்து வைப்பதும் இத்தகைய இன்ஸ்பெக்டரின் கடமைகள். மன்றத்தார் ஆலீனையே தேர்ந்தெடுத்தனர். அவருடைய வேலையை நேரில் கண்டவர்கள் வாழும் வட்டாரம் அல்லவா அது!

ஆனால் விவசாய இலாகா அந்த நியமனத்தை ஏற்கவில்லை. ராயல் கல்லூரியின் பட்டியலில் பெயர் இல்லை என்பதே காரணம். வேலைக்கு மீண்டும் விளம்பரம் செய்தார்கள். மன்றத்தார் மீண்டும் ஆலீனையே தேர்ந்தெடுத்தார்கள்! கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பதவியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, வேலை முழுவதையும் ஆலீனே செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. நோய் தீர்க்க அவர் வேண்டும். பெயர்ப்பலகையில் அவர் வேண்டாம். இப்படிச் செய்தால் யாருக்குத்தான் மனம் கசக்காது? ஆலீனோ அந்தக் கசப்பை நோயுற்ற மாடுகளின் மேல் காட்டவில்லை. தம் கடமையை ஒழுங்காகச் செய்துவந்தார். 1910ஆம் ஆண்டு வில்லியம் பர்ன் இறந்தபோது, அத்லீக்கில் அவர் செய்துவந்த வைத்தியத் தொழில் முழுவதையும் ஆலீனே ஏற்று நடத்தினார்.

போர்க்களத்துக் குதிரைகள்

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. இக்காலத்தில் போர் என்றால் விமானமும் டாங்கியும் நம் நினைவுக்கு வரும். அப்போதோ பீரங்கியை இழுத்ததும், குண்டுகளையும் உணவையும் சுமந்ததும் பெரும்பாலும் குதிரைகளும் கோவேறு கழுதைகளுமே. யார் யாரோடு எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று அறியாத அந்த ஜீவன்கள் குண்டடிபட்டும், சேற்றில் புதைந்தும், பசியால் மெலிந்தும் லட்சக்கணக்கில் மடிந்தன.

1915ஆம் ஆண்டு, தம் 47ஆம் வயதில், ஆலீன் அத்லீக்கை விட்டுப் பிரான்சுக்குப் புறப்பட்டார். அபெவில் என்ற ஊருக்கு அருகே தங்கி, ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் தொண்டராக இருந்துகொண்டு, போரில் நைந்துபோன குதிரைகளைப் பராமரிக்கும் ராணுவ மருத்துவர்களுக்குத் துணை நின்றார். அங்கே குண்டுக் காயத்தைவிடக் கொடியவை நோய்கள். சொறிநோய் கண்ட குதிரைகளை மருந்து கலந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்றுநோய் மனிதரையும் பற்றிக் கொல்லக்கூடியது. அது இருக்கிறதா என்று அறிய, குதிரையின் கண்ணிமையில் ஊசி போட்டு, இமை வீங்குகிறதா என்று பார்ப்பார்கள். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்ற பிராணிகள் 7 லட்சத்துக்கும் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை குணமடைந்தன. 1918ஆம் ஆண்டு ஆலீன் பெண்களுக்கான ராணுவத் துணைப் படையிலும் சேர்ந்து பணியாற்றினார்.

திறந்த கதவு

போர் முடிந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போயிருந்தபோது தொழிற்சாலைகளையும் ஆஸ்பத்திரிகளையும் பெண்கள் நடத்திக் காட்டியதை நாடு கண்டது. 1919ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பெண் என்ற காரணத்தால் எவரையும் ஒரு தொழிலில் சேரவிடாமல் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

ராயல் கல்லூரி இனி மறுக்க வழியில்லை. ஆலீன் மறுபடியும் விண்ணப்பித்தார். அவருடைய நீண்ட அனுபவத்தைக் கருதி, வாய்மொழிப் பரீட்சை மட்டும் வைத்தார்கள். 1922ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் சான்றிதழ் அவர் கையில் கிடைத்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் முதல் பெண் கால்நடை மருத்துவர் என்ற பெருமை அவருக்கு உரியதாயிற்று. இம்முறை பட்டியலில் ஏறிய பெயர் கஸ்டன்ஸ் அன்று, ஆலீன் கஸ்ட்!

அப்போது அவருக்கு வயது 54. பரீட்சை எழுதக் கேட்டு 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. தலை நரைத்த பின் கிடைத்த சான்றிதழால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நாங்களும் முதலில் எங்களுக்குள் அப்படித்தான் பேசிக்கொண்டோம். ஏனெனில் இரண்டே ஆண்டுகளில், 1924இல், தம் தொழிலை விற்றுவிட்டு இங்கிலாந்தில் பிளேட்ஃபர்டு என்ற கிராமத்தில் ஓய்வாகக் குடியேறிவிட்டார். ஆனால் அந்தச் சான்றிதழ் அவருக்காக மட்டும் வந்ததன்று. அடுத்த ஆண்டே, 1923இல், எடித் நைட் என்ற இளம்பெண் எல்லாப் பரீட்சைகளையும் முறைப்படி எழுதித் தேறினார். ஆலீன் தட்டித் தட்டித் திறந்த கதவு வழியே அவர் நேராக நடந்து உள்ளே வந்தார்.

இறுதி நாட்கள்

1937ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29ஆம் நாள், நண்பர்களைக் காண ஜமைக்கா தீவுக்குச் சென்றிருந்தபோது, இதய நோயால் ஆலீன் அம்மையார் காலமானார். அப்போது அவருக்கு வயது 68. அவருடைய உயிலைத் திறந்து பார்த்தபோது ஒரு செய்தி வெளியாயிற்று. கால்நடை மருத்துவ ஆராய்ச்சிக்காக ஓர் உதவித்தொகை ஏற்படுத்தும்படி பணம் எழுதி வைத்திருந்தார். பெண்களுக்கு அதில் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். பணத்தை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? தம்மைப் பரீட்சை எழுத விடாத அதே ராயல் கல்லூரியிடம்! பழி வாங்குவதற்குப் பதிலாகப் பரிசு கொடுத்துவிட்டுப் போனார்.

1976ஆம் ஆண்டு அந்த ராயல் கல்லூரியின் தலைவராகவே ஒரு பெண், ஓல்கா உவராவ் அம்மையார், தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள்.

நாம் கற்கும் பாடம்

அன்பு அரும்பும், ஆனால் உழைப்பு நீர் ஊற்றாவிட்டால் வாடிவிடும். ஆலீன் கஸ்டின் பிராணி நேசம் சிறுவயதுப் பிரியமாக நின்றுவிடாமல், படிப்பாகவும் தொழிலாகவும் தொண்டாகவும் வளர்ந்தது. தம் பெயரை மறைத்துப் படித்தார். பட்டம் இல்லாமல் உழைத்தார். பதவிப் பெயர் இல்லாமல் கடமை செய்தார். ஒரு தொழுவத்திலாவது, சான்றிதழ் எங்கே என்று எந்தப் பசுவும் அவரைக் கேட்கவில்லை.

மாணவியராகிய நாம் மார்க்குக்காகவும் பரிசுக்காகவுமே படிக்கப் பழகிவிட்டோம். அவை கிடைக்காவிட்டாலும் நாம் விடாமல் செய்யக்கூடிய காரியம் எது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அதுவே நமக்கு உரிய பணி. அடுத்த முறை வகுப்பில் ஒருத்தி எழுந்து, நான் மாட்டு டாக்டர் ஆகப் போகிறேன் என்று சொன்னால், நாம் சிரிக்க மாட்டோம். அவளுக்கு ஆலீன் கஸ்டின் கதையைச் சொல்வோம்.

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு